பிளான் அப்ரூவல்: நாலு பக்கமும் சரி, மூலைவிட்டம் எங்கே?

“மாடியில் ஓர் அறை எடுக்கணும், பழைய அப்ரூவலே போதாதா?” என்று நண்பர் கேட்டிருந்தார். போதாது. தளம் கூடினால் விண்ணப்பமும் புதிது. கூடுதல் சுமையை இருக்கிற தூணும் அஸ்திவாரமும் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளரின் சான்றும் வேண்டும்.

ஆன்லைனில் அப்ரூவல் வாங்குவது எப்படி என்பது அடுத்த கேள்வி. நல்லதை முதலில் சொல்லிவிடலாம்: கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று திரையிலேயே தெரிகிறது, கட்டிய பணத்துக்கு உடனே ரசீது வருகிறது. எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். குறைகளைத் தவணை முறையில் சொல்கிறார்கள். முதல் சுற்றில் வடக்குக் குறி இல்லை. அதைப் போட்டு அனுப்பினால் சாலை அகலம் எழுதவில்லை. அதையும் எழுதினால் மனை அளவு பத்திரத்தோடு ஒத்துவரவில்லை. மூன்றும் முதல் நாளிலிருந்தே ஒரே தாளில் இருந்த குறைகள்! ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

கோபத்தை ஓரமாக வைத்துப் பார்த்தால் மூன்றாவது குறை நியாயமானது. பத்திரம் அடியில் பேசும், டிராயிங் மீட்டரில் பேசும். 30க்கு 40 மனை என்பது 9.144க்கு 12.192 மீட்டர், 111.48 சதுர மீட்டர். வரைபவர் 9.1, 12.2 என்று சுருக்கினால் 111.02 ஆகி, அரை சதுர மீட்டர் காகிதத்திலேயே காணாமல் போகும்.

அதைவிடப் பெரிய வினை மூலைவிட்டம். நாலு பக்க அளவு மட்டும் மனையின் வடிவத்தைச் சொல்லாது. மூலை மட்டமாக, அதாவது சரியாக 90 டிகிரியாக இருந்தால் 30க்கு 40 மனையில் இரண்டு மூலைவிட்டமும் 50 அடி வர வேண்டும். ஒன்று 49, மற்றது 51 என்று வந்தால் பரப்பு ஒரு சதுர அடிதான் குறையும், யார் கண்ணிலும் படாது. ஆனால் 40 அடிப் பக்கம் கிட்டத்தட்ட அரை மீட்டர் சாய்ந்திருக்கும். நேராக வரைந்த வீட்டை அந்த மனையில் வைத்தால் ஒரு மூலையில் செட்பேக் (மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய காலி இடம்) அரை மீட்டர் அடிபடும். ஆகவே டேப்பை எடுத்து இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, சைட் பிளானில் (மனையின் வரைபடத்தில்) எழுதிவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் தொட வேண்டும்.

செட்பேக்கைச் சரியாக விதியளவுக்கே வரைவதும் வம்பு. பிளானில் சுவர் 230 மி.மீ. என்று இருக்கும், வெளிப்பூச்சு 15 முதல் 20 மி.மீ. அதற்கு மேல் ஏறும். 1.5 மீட்டர் என்று வரைந்தது தரையில் 1.48 ஆகிவிடும். 50 மி.மீ. கூடுதலாக விட்டு வரைந்தால் நிம்மதி. சன்ஷேட் எவ்வளவு நீட்டலாம் என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவும்.

மென்பொருளே டிராயிங்கைச் சரிபார்க்கும் இடங்களில் மனை எல்லை மூடிய பாலிலைனாக, அதாவது தொடங்கிய புள்ளியிலேயே வந்து சேரும் ஒரே தொடர் கோடாக இருக்க வேண்டும். ஒரு முனை சேராமல் விட்டுப்போனாலும் பரப்பைக் கணக்கிடாது. காரணத்தையும் உருப்படியாகச் சொல்லாது.

திருப்பி அனுப்பினால் குறை எண் வாரியாக, எந்தத் தாளில் என்ன மாற்றினோம் என்று பதில் எழுதவும். மாறிய இடத்தைச் சுற்றி மேகக் கோடு (மேகம் போல வளைவு வளைவாகப் போடும் கோடு), தாளில் திருத்த எண், தேதி. சந்தடிசாக்கில் ஒரு ஜன்னலை நகர்த்தி வைத்தால் மொத்த செட்டையும் முதலிலிருந்து பார்ப்பார்கள், அது நாமே இழுத்துக்கொள்வது.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு: அஸ்திவாரம் தோண்டும் முன் நடக்கும் ஆய்வு. முளையடித்து நூல் கட்டியிருக்கும்போது தப்பு தெரிந்தால், முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்தால் போதும். கான்கிரீட் விழுந்த பிறகு அதே தப்புக்குத் தூணையே உடைக்க வேண்டியிருக்கும். இந்த ஓர் ஆய்வுக்காகவே கட்டிய கட்டணம் தகும்.

ஆன்லைன் அப்ரூவலுக்கு மதிப்பெண்ணா? ஐந்துக்கு இரண்டு. வடக்குக் குறியைக் கேட்ட அன்றைக்கே சாலை அகலத்தையும் கேட்டிருக்கலாம்.