சரக்குத்துறை மாடல்: மரமா, ஸ்டைரீனா?

மாடல் ரயில் ஓடும் லேஅவுட்டின் ஓரத்தில், கப்பல் நின்று சரக்கு இறக்கும் ஒரு சரக்குத்துறை வைக்கலாம் என்று நினைத்த உடனே இந்தக் கேள்வி வந்துவிடும். மரக்குச்சிகளில் கட்டுவதா, ஸ்டைரீன் பிளாஸ்டிக்கிலா? மரக்கட்சிக்காரர்கள் மரத்துக்கு மரம்தான் பொருத்தம் என்பார்கள். பிளாஸ்டிக் கட்சிக்காரர்கள் அளவு சுத்தமாக வரும், வளையாது என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் துறை முழுவதையும் ஒரே பொருளில்தான் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிறம் மரத்தில் நன்றாக ஏறுகிறது, அளவு ஸ்டைரீனில் நன்றாக நிற்கிறது. எந்த இடத்துக்கு எது முக்கியம் என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு நிஜத் துறையை எடுத்துக்கொள்வோம்: சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடபகுதி, 1920-கள், ஹெச்ஓ அளவு, அதாவது 1:87. அந்தப் பகுதிக்கு ஒரு தனிக் கதை உண்டு. ஆற்று நீர் கலந்து உப்பு குறைவாக இருந்ததால், மரம் துளைக்கும் கடலுயிரிகள் வராது என்று நம்பி, மருந்து ஏற்றாத பச்சை மரத்தூண்களையே பல இடங்களில் அடித்திருந்தார்கள். 1919 முதல் 1921 வரை, மரத்தைத் துளைத்து வாழும் கப்பல்புழு புகுந்து அந்தத் தூண்களை உள்ளே குடைந்து தள்ளியது. துறைகளும் படகு நிறுத்தங்களும் சரிந்து விழுந்தன. அதற்கு அப்புறம் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றிய தூண்கள்தான் பேச்சு. ஆகவே உங்கள் லேஅவுட் 1915-இல் நடக்கிறதா, 1925-இல் நடக்கிறதா என்பதே தூணின் நிறத்தை முடிவு செய்துவிடும்: முன்னது வெயில்பட்ட சாம்பல், பின்னது கருப்பு கலந்த பழுப்பு. பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஆண்டைத் தீர்மானியுங்கள்.

இனி தூண்கள். நிஜத்தில் 30 முதல் 35 செ.மீ. விட்டம் என்றால் ஹெச்ஓவில் மூன்றரை முதல் நான்கு மி.மீ. இதற்கு நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது மூங்கில் குச்சி, கபாப் குத்துகிற வகை. விலை மலிவு, உறுதி. ஆனால் சாயத்தைச் சரியாகக் குடிக்காது. நார் இறுகிய பக்கம் வெளுத்தே நிற்கும், மற்ற பக்கம் கறுக்கும். மாடல் விமானக்காரர்கள் வாங்கும் பால்சாவோ நேர் எதிர். சாயத்தை ஆவலாகக் குடிக்கும், ஆனால் மயிர் மயிராக எழும்பும், விரல் பட்டாலே பள்ளம் விழும். பாஸ்வுட் என்கிற மரம் இரண்டுக்கும் நடுவில், இந்த வேலைக்கென்றே பிறந்தது மாதிரி நெருக்கமான ரேகையோடு இருக்கும். இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும், விலையும் கொஞ்சம் கூடுதல். என் தேர்வு: முன்வரிசையில் கண்ணில் படும் தூண்களுக்கு பாஸ்வுட், பின்வரிசை இருட்டுக்கு மூங்கில். ஸ்டைரீன் உருளைக்குச்சியும் நடக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் ரம்பப் பல்லால் நீளவாக்கில் கீறி ரேகை வரவழைக்க வேண்டும். நூறு தூண் என்றால் பொறுமை இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மேல்பலகையில் மரத்துக்கே என் ஓட்டு. 3 அங்குல கனம், 12 அங்குல அகலப் பலகை ஹெச்ஓவில் 0.9 மி.மீ. கனம், மூன்றரை மி.மீ. அகலம். ஐஸ் குச்சியை அப்படியே ஒட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது ஒரு செ.மீ. அகலம், கணக்குப் போட்டால் 87 செ.மீ. அகலப் பலகை. எந்த மில்லும் அப்படி அறுக்காது. பிளைவுட் கடையில் கிடைக்கும் வெனீரை, அதாவது மெல்லிய மரத்தகட்டை, கீற்றுக்கீற்றாக வெட்டலாம். அப்போதும் தேக்கு வெனீர் வேண்டாம், அதன் ரேகையும் துளையும் இந்த அளவுக்குப் பூதாகரம். நிறம் வெளிறிய, ரேகை தெரியாத வகையாகப் பொறுக்குங்கள்.

சாயத்தில்தான் உண்மையான போட்டி. ஒரு பக்கம், இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலக்குவது. அரை லிட்டருக்கு ஐந்து முதல் பத்து மில்லி போதும். முதல் பூச்சில் ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கும், காய்ந்ததும் சாம்பல் தெரியும். வேண்டுமானால் இன்னொரு முறை. ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடுவதால் தண்ணீர்ச் சாயம் அளவுக்கு மரம் முறுக்காது. இரண்டு பக்கமும் பூசி, சமதளத்தில் கனம் வைத்துக் காயவிட்டால் இன்னும் நல்லது. சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொரு பக்கம், வினிகரில் இரும்பு நாரை ஊறவைத்த தண்ணீர். எவர்சில்வர் நார் உதவாது, துருப்பிடிக்கிற சாதா ஸ்டீல் உல்தான் வேண்டும். மூடியை இறுக்கிவிடாதீர்கள், உள்ளே ஹைட்ரஜன் வாயு உருவாகும். இந்தத் தண்ணீர் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து நிறம் மாற்றுகிறது. பாஸ்வுட்டில் டானின் குறைவு, அதனால் முதலில் கெட்டியான டீ டிகாஷனைத் தடவிக் காயவிட்டு, அதன்மேல் இதைப் பூச வேண்டும். கண்ணெதிரே பலகை கறுத்து வரும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். வேடிக்கையோடு ஒரு தலைவலியும் வரும்: எங்கே எவ்வளவு கறுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. பத்து பலகை ஒரு மாதிரி வந்தால் பதினோராவது நீலம் பாயும். தனியாக வைத்துப் பார்த்தால் அழகு, துறை முழுக்கப் பரப்பினால் அம்மைத் தழும்பு. நான் மொத்தப் பலகைக்கும் இங்க், நூற்றுக்குப் பத்துக்கு வினிகர் என்று பிரித்துக்கொள்கிறேன். பழுது பார்க்கும்போது மாற்றிய பலகை என்று பார்ப்பவர்கள் தாங்களே நினைத்துக்கொள்வார்கள்.

எதைப் பூசினாலும் ஒட்டுவதற்கு முன்பே பூசுங்கள். பெவிகால் காய்ந்த இடத்தில் சாயம் இறங்காது. மூட்டுக்கு மூட்டு வெள்ளைத் திட்டு நிற்கும், அதை மறைக்கப் பெயின்ட் அடித்தால் மரத்தில் கட்டியதற்கே அர்த்தம் இல்லை.

ஸ்டைரீனுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் நிறம் முழுவதும் உங்கள் தூரிகையில். அக்ரிலிக்கில் வெளிர் சாம்பல் அடித்தளம், பலகைக்குப் பலகை லேசான மாறுபாடு, அப்புறம் ஆர்ட்டிஸ்ட் ஆயில் பெயின்டை ஒயிட் ஸ்பிரிட்டில் நீர்க்கச் செய்து மேலே ஓடவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை அது கரைக்காது. கைதேர்ந்தவர்கள் செய்தால் ஒரு முழம் தள்ளி நின்று வித்தியாசம் சொல்ல முடியாது. நேரக் கணக்கில் மட்டும் மரம் ஜெயிக்கும்.

ஓர் இடத்தில் ஸ்டைரீனுக்குப் போட்டியே இல்லை: தண்டவாளத்துக்கு நடுவே பதிக்கும் பலகை. துறையில் லாரியும் ஓட வேண்டும் என்பதால் பலகை தண்டவாள மட்டத்துக்கு வந்திருக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதி அரை மி.மீ. எழும்பினாலும் சக்கரம் தூக்கும், எஞ்சின் தடம் புரளும். ஸ்டைரீனை வைத்து, தண்டவாளத்தின் தலையைவிட ஒரு மயிரிழை தாழ்த்தி, உள்பக்கம் சக்கர விளிம்புக்குச் சுமார் 1.2 மி.மீ. இடைவெளி விட்டால் வண்டி நிம்மதியாக ஓடும்.

வெதரிங்கில், அதாவது வெயிலும் நீரும் பட்டுப் பழசானது போலக் காட்டுவதில், பலரும் கோட்டை விடுவது அலைக்கோடு. எவ்வளவு உயரம் என்று கடலைக் கேட்க வேண்டும், கையைக் கேட்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் சராசரி ஏற்றவற்றம் சுமார் 1.25 மீட்டர், ஹெச்ஓவில் 14 மி.மீ. அதே துறை பாஸ்டனில் என்றால் 2.9 மீட்டர், 33 மி.மீ. நம் சென்னைக் கடலில் பௌர்ணமி அமாவாசைக்கே சுமார் ஒரு மீட்டர்தான். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பாஸ்டன் துறை கட்டினால் தூண்கள் குட்டையாகிவிடும். தூணில் அலை ஏறி இறங்கும் அந்தப் பட்டையில் கீழே வழுக்குகிற கரும்பச்சைப் பாசி, அதற்கு மேலே மரத்தில் ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள் ஓடுகளின் வெள்ளைச் சொறி, அதற்கும் மேலே காய்ந்த மரம். அந்த ஓடு நிஜத்தில் ஒன்று, ஒன்றரை செ.மீ.; இந்த அளவில் 0.1 முதல் 0.2 மி.மீ. உப்பு, ரவை எல்லாம் இங்கே பாறாங்கல். நைசாகச் சலித்த கோலப்பொடியை ஈரப் பெயின்டில் தூவினால் சரியாக இருக்கும், தூவிய பிறகு அழுக்குச் சாம்பலால் ஒரு தடவு தடவிவிடுங்கள். மேல்பலகையில் அழுக்கு நிறப் பவுடர் பூசுவதாக இருந்தால் தேவைக்கு மேலேயே பூசுங்கள், மேட் வார்னிஷ் அடித்ததும் பாதி காணாமல் போகும்.

கடைசியில் தண்ணீர். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி ரெசினா, வரைந்த பலகைமேல் பளபள ஜெல்லா? ரெசின் பார்க்கிறவர் வாயைப் பிளக்க வைக்கும். ஆனால் இறுகும்போது சூடாகும், அந்தச் சூட்டில் மரத்தூணுக்குள் இருக்கும் காற்று குமிழியாகக் கிளம்பும். தூணை முன்கூட்டியே வார்னிஷில் அடைத்திருக்க வேண்டும், அல்லது நீருக்குள் போகும் துண்டு மட்டும் ஸ்டைரீனாக இருக்க வேண்டும். அடியில் ஊசித்துளை இருந்தாலும் ரெசின் ஒழுகித் தரையில் நிற்கும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் மேலே பிசுபிசுப்பான படலம் படியும் வாய்ப்பும் உண்டு. இத்தனையும் எதற்கு? சரக்குத்துறைத் தண்ணீர் தெளிந்த ஓடை இல்லை. எண்ணெயும் சேறும் கலந்து அடி தெரியாமல் கிடக்கும். பிளைவுட்டில் கரும்பச்சையும் பழுப்பும் அடித்து, தூணை நீர்மட்டத்தில் வெட்டி ஒட்டி, மேலே அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் குத்திக்குத்தி அலையாக்கினால் போதும். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் அதன்மேலேயே இன்னொரு பூச்சு போடலாம். ரெசினில் அந்தச் சலுகை கிடையாது.