குழந்தை வளர்ப்புப் பாடம்: பத்தாம் வகுப்பிலா, பத்தாவது மாதத்திலா?

மகள் படிக்கும் பள்ளியில் போன மாதம் பெற்றோர் கூட்டம். பத்தாம் வகுப்பில் விருப்பப் பாடமாக இருக்கும் குழந்தை வளர்ப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்கலாமா என்று கேட்டார்கள். ஆக்கலாம் என்று கை தூக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "பிள்ளை உண்டானதுக்கு அப்புறம் கத்துக்கிட்டா போதாதாம்மா? பதினஞ்சு வயசுல எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. நானே அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

முதலில் நான் போன வழி. ஏழாவது மாதத்திலிருந்து ஆறு சனிக்கிழமைகள் மகப்பேறு வகுப்புக்குப் போனேன். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, காய்ச்சல் என்றால் எப்போது மருத்துவரிடம் ஓடுவது எல்லாம் சொல்லித் தந்தார்கள். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். இன்னும் இரண்டு மாதத்தில் கைக்கு வரப்போகிற குழந்தைக்கான பாடம் என்றால் கவனம் தானாக வரும். சொல்லித் தரும் விவரமும் அன்றைய தேதிக்குப் புதியதாக இருக்கும். இந்த இரண்டிலும் பள்ளிப் பாடம் கிட்டே நெருங்க முடியாது. செலவு, ஆசிரியர் கிடைப்பது, நேரம் ஒதுக்குவது எல்லாம் எந்தப் பக்கம் போனாலும் இருக்கும் சிக்கல்கள்தான், அதற்குள் நான் போகவில்லை.

அப்படியிருந்தும் நான் மறுபக்கம் சாய்ந்ததற்கு மகளுக்கு ஆறு வாரம் ஆனபோது நடந்த ஒன்றுதான் காரணம்.

அன்று சாயங்காலம் தொடங்கிய அழுகையை அவள் நிறுத்தவே இல்லை. பால் குடித்திருந்தாள், துணி மாற்றியாயிற்று, காய்ச்சலும் இல்லை. கணவர் வெளியூர் போயிருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத நான் என்னையறியாமல் கண்ணசந்துவிட்டேன். விழித்தபோது தம்பி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தான். முதுகைத் தட்டிக்கொடுக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தமாகிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்திருந்தான். யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவன் அவன். நான் எழுவதற்குள், விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் கதவருகில் வந்து நின்றாள். "சித்தப்பா, பாப்பாவத் தொட்டில்ல மல்லாக்கப் போட்டுட்டு நீங்க வெளிய வாங்க. அழுதா அழட்டும். அஞ்சு நிமிஷம் கழிச்சு நான் தூக்கிக்கிறேன்" என்றாள். அவளுக்கு அப்போது வயது 16. அவன் அப்படியே செய்துவிட்டுப் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். தொட்டிலில் குழந்தை அழுதாள், ஆனால் பத்திரமாக இருந்தாள்.

மறுநாள், "உனக்கு யாரும்மா இதைச் சொன்னது?" என்று கேட்டேன். "ஸ்கூல்ல ஒரு பீரியட் நடத்துனாங்க அத்தை" என்றாள்.

என் வகுப்பிலும் இதே விஷயம் சொல்லித்தான் தந்தார்கள். கேட்டவள் நான், அன்றிரவு குழந்தையை வைத்திருந்தவன் அவன். என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீடு இந்த ஒரு புள்ளியில்தான் முடிவாகிறது: பாடத்தைக் கேட்கிறவரும் குழந்தையைத் தூக்கிவைத்திருக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பார்களா?

பச்சைக்குழந்தையின் அழுகை இரண்டாவது வாரம் வாக்கில் கூடத் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். நல்ல ஆரோக்கியமான குழந்தையும் அப்படித்தான் அழும். அந்த நாட்களில் பொறுமை இழந்த ஒருவர் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். பார்வை போகலாம், உயிரும் போகலாம். அப்படிக் குலுக்கியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்று மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: அப்பா, இல்லையென்றால் அம்மாவின் துணைவர். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிரசவம் ஆன கையோடு மருத்துவமனையிலேயே பெற்றோருக்கு இதை விளக்கினார்கள். இந்த வகைக் காயங்கள் 47 சதவீதம் குறைந்ததாக 2005இல் எழுதினார்கள். அதே முறையைப் பென்சில்வேனியா மாநிலம் முழுக்கக் கொண்டுபோனபோது மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் விகிதம் குறையவில்லை என்று 2017இல் வந்தது. இதனால் மருத்துவமனையில் சொல்வது வீண் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அங்கே கட்டாயம் இருப்பவள் தாய் ஒருத்திதான், அவளும் வலியிலும் அசதியிலும் இருக்கிறாள். சித்தப்பா, மாமா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பெண் யாரும் அந்த அறையில் இல்லை. பத்தாம் வகுப்பு அறையில் எதிர்காலச் சித்தப்பாக்களும் மாமாக்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்த முதல் நாடு ஸ்வீடன், 1979இல். சட்டம் போட்டதோடு நிற்காமல் பால் அட்டைப்பெட்டிகளில் அதைப் பற்றி அச்சிட்டு விற்றார்கள். வீட்டில் யார் பாலை எடுத்து ஊற்றினாலும் கண்ணில் படும். பள்ளியை நான் அந்தப் பால் பெட்டி மாதிரி பார்க்கிறேன்.

விருப்பப் பாடமாகவே விட்டால் என்ன என்று கேட்டால், எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு அதை எடுத்த பையன்கள் நாலே பேர். ஜப்பானிலும் ஒரு காலத்தில் மேல்நிலைப் பள்ளியில் மனையியல் பெண்களுக்கு மட்டும்தான் கட்டாயம். நடுநிலைப் பள்ளியில் 1993இலும், மேல்நிலையில் 1994இலும் அதை ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக்கினார்கள். குழந்தை வளர்ப்பும் அந்தப் பாடத்துக்குள் வருகிறது. ஒரு பையன் தானாக இதைத் தேர்ந்தெடுத்தால் கேலிக்கு ஆளாகிறான், எல்லோரும் படித்தே ஆகவேண்டும் என்றால் அந்தப் பேச்சே எழாது. கட்டாயம் என்ற சொல் எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் பையன்களை அந்த அறைக்குள் கொண்டுவர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, பத்தாம் வகுப்பில் படித்தது பிள்ளை பெறும்போது நினைவிருக்குமா? இதுதான் என் தரப்பின் பலவீனம். அண்ணன் மகளுக்கு இப்போது வயது 30, போன வருடம் தாயானாள். என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். எந்த மாதத்தில் தவழும், தண்ணீர் எவ்வளவு சூடு இருக்கலாம் எல்லாம் மறந்துபோச்சாம். "அழுகையும் அந்த அஞ்சு நிமிஷமும் மட்டும் அப்படியே இருக்கு அத்தை" என்றாள். ஒருத்தியின் அனுபவத்தை வைத்து எல்லோருக்கும் சொல்லிவிட முடியாதுதான்.

மறப்பதைவிடப் பெரிய சிக்கல், விவரம் பழையதாகிப் போவது. 1980களில்கூடக் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்ன மருத்துவர்கள் உண்டு. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பெரிய பிரச்சாரமே நடந்தது. தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அதன்பின் பாதிக்கும்மேல் குறைந்தன. முன்பே பள்ளியில் 'குப்புற' என்று படித்துவிட்டு வந்த ஒருவர் அதையே பிடித்துக்கொண்டிருந்தால்? அதனால் படுக்கை, மருந்து, உணவு மாதிரி மாறக்கூடிய விஷயங்களை மகப்பேறு வகுப்புக்கே விட்டுவிட வேண்டும். பள்ளியில் மாறாததைச் சொல்லித் தரட்டும்: குழந்தை ஏன் அழுகிறது, இரண்டு வயதுப் பிள்ளையால் எதைப் புரிந்துகொள்ள முடியாது, நமக்குக் கோபம் ஏறும்போது உடம்பில் என்ன தெரியும், அப்போது குழந்தையை எங்கே கிடத்த வேண்டும்.

எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதும் முக்கியம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இளவயதுக் கர்ப்பத்தைத் தடுக்க, அழும் மின்னணுப் பொம்மையை மாணவிகளிடம் வார இறுதியில் கொடுத்தனுப்பினார்கள். 20 வயதுக்குள் குழந்தை பெற்றவர்கள் பொம்மை வாங்கிப்போனவர்களில் 8 சதவீதம், மற்றவர்களில் 4 சதவீதம். பயமுறுத்தத் தொடங்கிய திட்டம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. கனடாவின் டொராண்டோவில் 1996இல் தொடங்கிய 'ரூட்ஸ் ஆஃப் எம்பதி' எனக்குப் பிடித்த முறை. நிஜக் குழந்தை ஒன்று பெற்றோரோடு ஓராண்டு முழுக்க வகுப்புக்கு வந்து போகிறது. பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து அது வளர்வதைப் பார்க்கிறார்கள்.

பின்லாந்து மாதிரி நடுவழியும் உண்டு. அங்கே குழந்தைக்கு வேண்டிய துணிமணியெல்லாம் வைத்து அரசு தரும் மகப்பேறு பெட்டி 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் கிடைக்கிறது. பெட்டி வேண்டுமென்றால் நாலாவது மாதம் முடிவதற்குள் மருத்துவ ஆலோசனைக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளியில் முடியாது என்றால் இதற்கே கை தூக்குவேன். ஆனால் இதுவும் தாயோடு நின்றுவிடுகிறது.

கூட்டத்தில் ஒரு ஆசிரியை சொன்னது மட்டும் இன்னும் மனதை அரிக்கிறது. வீட்டில் அடி வாங்கும் பிள்ளை, 'குழந்தையை அடிக்கக் கூடாது' என்ற பாடத்தின்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்ளும் என்று கேட்டார். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். விருப்பப் பாடமென்றால் அவர்கள் விலகிக்கொள்ளலாம், கட்டாயமென்றால் முடியாது. வேறு பக்கம் பார்த்தால், தனக்கு நடப்பது சரியில்லை என்று அந்தப் பிள்ளைக்கு முதன்முதலில் தெரியவருவது அந்தப் பாடத்தில்தான் என்றும் ஆகலாம். பாடம் முடிந்ததும் தனியாகப் போய்ப் பேச ஒரு ஆள் இருந்தால்தான் கட்டாயமாக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பரீட்சை, மதிப்பெண், சான்றிதழ் எதுவும் வேண்டாம் என்றும் எழுதினேன். நல்ல பெற்றோராக வருவாரா என்று 15 வயதில் யாருக்கும் மார்க் போடக் கூடாது.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. அடுத்த ஆண்டு மகள் பத்தாம் வகுப்பு போகும்போது வாரம் ஒரு பீரியட். முதல் வகுப்புக்குக் கைக்குழந்தையோடு வர ஒரு அம்மா சம்மதித்திருக்கிறார். குழந்தையின் அப்பாவும் கூட வர முடியுமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.