ஸ்பொஞ்ச் கிறிப்: 14 மாதம், மூன்று சோடி

மல்லாவியில் இருக்கும் மச்சான் ஒருத்தன் போன மாதம் ஃபோனில் கேட்டான். "டேய், உன்ர பைக் ஹான்டில் பிடிக்கு மேலே ஸ்பொஞ்ச் கிறிப் போட்டிருக்கிறாய் எல்லே, கை விறைப்புக்கு நல்லதோ? ஒரு சோடி எடுக்கவோ?" வேறு நாளில் கேட்டிருந்தால் "எடு" என்று சொல்லிவிட்டு வைத்திருப்பேன். அன்று காலைதான் புளியங்குளத்தில் மழைக்குள் திரும்பும்போது இடப்பக்கக் கிறிப் கைக்குள்ளேயே கழன்று சுற்றியது. விழவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை வாயில் வந்ததெல்லாம் அந்த ஸ்பொஞ்சுக்குத்தான். "எழுதி அனுப்புறன்" என்று சொன்னேன். இதுதான் அது.

என் ஓட்டம் அவனுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வவுனியாவில் இருந்து நெடுங்கேணிப் பக்கம், ஒரு வழிக்கு 45 கிலோமீற்றர் போல. புளியங்குளம் வரை ஏ9, அங்கே வலப்பக்கம் திரும்பினால் நெடுங்கேணி வீதி, கடைசித் துண்டு கிரவல். பைக் 150 சிசி, ஒற்றைச் சிலிண்டர். 2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்குகளின் விலையே ஏறிப்போனதால் மாற்றுகிற யோசனையை விட்டுவிட்டேன்.

கை விறைக்கிறது என்பதை நான் முதலில் கண்டுபிடித்தது றோட்டில் இல்லை, கரும்பலகையில். முதலாம் பாடத்துக்குப் போய்ச் சோக்கை எடுத்தால் விரலில் நிற்காது. ழகரம் எழுதினால் கீழே சுழிக்கிற இடத்தில் சோக் நழுவி விழும். முன்வாங்கில் இருக்கிற பிள்ளை எடுத்துத் தரும். ஒரு கட்டத்தில் நான் கேட்காமலே குனிந்து எடுக்கப் பழகிவிட்டது. வலக்கையில் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலில் பாதியும்தான். மற்ற விரல்கள் ஒழுங்காக இருந்தன.

விறைப்பை நான் நேரத்தால் அளப்பதில்லை, ஊரால் அளப்பேன். ஸ்பொஞ்சுக்கு முன்னம் ஓமந்தையிலேயே தொடங்கிவிடும். முதல் சோடி போட்ட அன்று ஓமந்தை தாண்டியது, ஒன்றுமில்லை. புளியங்குளம் தாண்டியது, அப்போதும் இல்லை. நெடுங்கேணி வீதியில் பாதி போன பிறகுதான் மெல்ல எறும்பு ஊர்ந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து மனிசிக்கு ஏதோ பரிசு விழுந்தது போலச் சொன்னேன். 900 ரூபாய்ச் சாமானுக்கு அந்த முதல் மாதச் சந்தோசம் அதிகம்தான். அதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

அப்புறம் வெயில் வந்தது. பள்ளிக்கூட வளவில் பைக் நிற்பதோ வெட்டவெளி. மூன்றாவது மாதம், உள்ளங்கை அழுத்துகிற இடத்தில் ஸ்பொஞ்ச் அப்பளம் போல மெலிந்தது. வேர்வையையும் மழையையும் குடித்துக்கொண்டு காயவே மறுத்தது. பிழிந்தால் மண்நிறத் தண்ணீர். பிறகு கறுப்புத் துகள் உதிரத் தொடங்கியது. ஒரு கையில் ஸ்பொஞ்சின் கறுப்பு, மற்றதில் சோக்கின் வெள்ளை, நடுவில் வெள்ளைச் சேர்ட். அந்தச் சேர்ட்டின் கதையை மனிசியிடம்தான் கேட்கவேண்டும்.

இன்னொன்று, தடிப்பு. ரப்பர் பிடிக்கு மேலே ஸ்பொஞ்சும் ஏறினால் பிடி தடித்துவிடும். என் கை சின்னது. தடித்த பிடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்து முழங்கைக்குக் கீழே நோகத் தொடங்கியது. பெரிய கைக்காரருக்கு இது பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம். மச்சான், உன்ர கை மண்வெட்டி மாதிரி, உனக்குப் பொருந்தும்.

இடையில் வைத்தியரிடமும் போனேன். சுண்டுவிரல் பக்கம் விறைத்தால் அது அல்நார் நரம்பு என்றார். மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையின் வெளிப்பக்க மேட்டுக்குள்ளால் அது போகிறது. ஹான்டில் அழுத்துவதும் அதே இடத்தில்தான். பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல் என்றால் அது வேறு நரம்பு, மணிக்கட்டு நடுவில் நெருக்குப்படுகிறது. மணிக்கட்டை மடித்தபடி நெடுநேரம் வைத்திருந்தால் இரண்டுக்குமே கூடாதாம். சீனி வருத்தம் இருந்தாலும் கை விறைக்கும் என்று இரத்தத்தையும் பார்க்கச் சொன்னார். ஓடாத நாளிலும் விறைப்பு இருந்தாலோ, பிடிக்கிற பலம் குறைந்தாலோ உடனே வரச் சொன்னார். எனக்கு இரண்டும் இல்லை, சீனியும் இல்லை.

சரி, மழைக்குள் கிறிப் சுற்றின கதைக்கு வருகிறேன். அந்த வாரமே கோன் செற் (ஹான்டில் கழுத்துக்குள் இருக்கிற பெயாரிங்) மாற்ற வேண்டியிருந்ததால் கராச்சுக்குப் போனேன். வேலை முடிந்ததும் கராச் அண்ணை என்னைப் பைக்கில் ஏறி இருக்கச் சொன்னார். "ஓடுற மாதிரிக் கையை வையுங்கோ சேர்." வைத்தேன். என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கிளச்சும் பிரேக் பிடியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. அதில் விரலை வைத்தால் மணிக்கட்டு பின்பக்கம் மடியத்தான் செய்யும். இரண்டு பக்கமும் ஆணியை இளக்கி, முழங்கையில் இருந்து விரல் நுனி வரை ஒரே கோட்டில் வருகிற அளவுக்குப் பிடிகளைக் கீழே இறக்கினார். ஐந்து நிமிடம். காசு கேட்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். "ஹான்டில் நுனியில இருந்த இரும்பு எங்கே?" என்று கேட்டார்.

ஸ்பொஞ்சை உள்ளே ஏற்றுவதற்கு நுனியில் இருக்கும் அந்த இரும்புக் கட்டையைக் கழற்றவேண்டும். கழற்றினேன். ஏற்றின பிறகு ஆணி எட்டவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அது அழகுக்கு வைத்த சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் உதறல் ஹான்டிலுக்கு ஏறும்போது, நுனியில் பாரம் இருந்தால் ஹான்டில் துடிக்கிற விதமே மாறிவிடும். நாம் வழக்கமாக ஓடுகிற வேகத்தில் அந்த அதிர்வு கைக்கு வராத மாதிரிப் பார்த்துத்தான் கொம்பனி அந்தப் பாரத்தைப் போட்டிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு 60க்கு மேலே போனால் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரியும். எனக்கு ஒரு வருடமாக அப்படித்தான் தெரிந்தது. கண்ணில்தான் பிழை என்று நினைத்திருந்தேன்! ஆக, ஸ்பொஞ்ச் ஒரு பக்கம் குறைத்த அதிர்வை நானே மறுபக்கத்தால் கூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வீட்டில் தேடினேன். ஒன்று ஆணிப் பேணிக்குள் இருந்தது. மற்றது குசினியில். சுட்ட மரமுந்திரிகைக் கொட்டை உடைப்பதற்கு அம்மா அதைத்தான் வைத்திருந்தார். "நல்ல பாரமான சாமானடா" என்று தர மனமில்லாமல் தந்தார்.

அண்ணை கடைசியாக ஒன்று சொன்னார். "நீங்கள் ஹான்டிலைப் பிடிக்கேல்லை சேர், அதில தொங்குறீங்கள். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கவேணும், ஓடவும் கூடாது, சாகவும் கூடாது." சீற்றில் முன்னுக்குச் சறுக்கி, கையை விறைப்பாக நீட்டி, உடம்புப் பாரம் முழுவதையும் உள்ளங்கையில் போட்டுக்கொண்டுதான் இத்தனை காலமும் ஓடியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் பின்னுக்கு இருந்து, தொடையால் பெற்றோல் தாங்கியைப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி ஓடுகிறேன். பின் ரயருக்குக் காற்று 40 பிஎஸ்ஐ அடித்து வைத்திருந்ததையும் 28க்கு இறக்கியாயிற்று.

இதற்கிடையில் அக்சிலேட்டரில் மாட்டி உள்ளங்கையால் அழுத்துகிற பிளாஸ்ரிக் தட்டு ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். ஏ9க்குச் சொர்க்கம். கிரவலில் பள்ளத்துக்குள் விழும்போது கை தானாக அழுந்தி வேகத்தைக் கூட்டிவிடும். இரண்டாம் நாளே கழற்றி எறிந்தேன். கையுறை மார்கழிப் பனிக்கு நல்லது. இறுக்கமானதை மட்டும் வாங்காதே, அதுவே விறைக்க வைக்கும்.

ஸ்பொஞ்ச் இல்லாமல், இரும்புக் கட்டைகளைப் பூட்டி இரண்டு கிழமை ஓடினேன். நெடுங்கேணி வரை விரல் என்னுடையதாகவே இருந்தது. கிரவலில் மட்டும் கொஞ்சம் ஊருகிறது. சோக் விழவில்லை. முன்வாங்குப் பிள்ளைக்கு வேலை போய்விட்டது.

ஆகவே மச்சான், வாங்காதே. முதலில் கிளச், பிரேக் பிடிகளை இறக்கு, நுனி இரும்பு இருக்கிறதா பார், பின்னுக்கு இரு. ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் போன சனிக்கிழமை வவுனியாவில் அதே கடைப்பக்கம் போனேன். 900க்கு விற்றது இப்போது இரண்டு சோடி ஆயிரம். வெறும் ரப்பர், அந்தக் கிரவல், ஒரு நிமிடம் யோசித்தேன், எடுத்துவிட்டேன். நுனியில் ஒரு விரலளவு வெட்டிப் போட்டால் இரும்பையும் பூட்டலாம் என்று அண்ணை சொன்னார். பூட்டியாயிற்று. கை திரும்பவும் கறுக்கும், தெரியும். மற்றச் சோடி பையோடு மேசையில் கிடக்கிறது. வேணுமென்றால் சொல்லு, நாளைக்கு மல்லாவி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.