ஓய்வுக்காலத்துக்கு விக்கிமூலம்: மெய்ப்புப் பார்க்க உட்காரும் முன்

பழைய நூல்களின் ஒளிவருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்தி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கும் தளம் விக்கிமூலம். விக்கிப்பீடியாவுக்கு உடன்பிறப்பு. கட்டணம் கிடையாது, விளம்பரமும் கிடையாது. படிக்க வருபவர்கள் ஏராளம்; மெய்ப்புப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். அலுவலக காலத்து ஒழுங்கு வேண்டும், மேலதிகாரி மட்டும் வேண்டாம் என்று நினைக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கு நல்ல பொருத்தம். நாலு பேரோடு பேசிச் சிரிக்கத்தான் ஆசை என்றால் இது சரிப்பட்டு வராது.

ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டவணைப் பக்கம் உண்டு. அதில் பக்க எண்கள் நிறம் நிறமாகத் தெரியும். இளஞ்சிவப்பு என்றால் இன்னும் திருத்தப்படவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் திருத்திவிட்டார். இன்னொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. பயனர் கணக்கு இல்லாமல் உள்ளே போனால் எழுத்தைத் திருத்தலாம், நிறத்தை மாற்ற முடியாது. அதனால் முதலில் கணக்குத் தொடங்கிவிடுங்கள்.

எண்ணைச் சொடுக்கித் தொகுக்கப் போனால் ஒரு பக்கம் உரை, மறுபக்கம் மூலத்தின் படம். உரை எழுத்துணரி தந்தது; அதாவது, படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள் (ஓ.சி.ஆர்.) தந்தது. அங்கேதான் வேலையே இருக்கிறது. 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவை ஒட்டெழுத்தாகவும், ணை, லை, ளை, னை ஆகியவை கொம்பு வைத்தும் இருக்கும். எழுத்துணரி இவற்றில் தடுக்கி விழும். ‘என்றான்’ என்பது ‘என்ருன்’ ஆகும், ‘ஆனால்’ என்பது ‘ஆனல்’ அல்லது ‘ஆஞல்’ ஆகும், ‘இல்லை’ என்பது ‘இல்லே’ ஆகும். இவை கண்ணில் குத்துவதால் தப்பாது. ‘அவனை’ என்பது ‘அவனே’ ஆகிவிடுவதுதான் ஆபத்து. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் காட்டிக்கொடுக்காது. படத்தைப் பார்த்து ஒப்பிடாமல் உரையை மட்டும் வாசித்துக்கொண்டே போகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ர-வும் துணைக்காலும் இடம் மாறுவது, புள்ளி உதிர்வது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்புவது எல்லாம் புது அச்சிலும் வரும்.

பக்கத் தலைப்பில் அச்சான பக்க எண்ணும் நூற்பெயரும் உரைக்கு மேலே தனியாக உள்ள மேலடிப் பெட்டிக்குள் போக வேண்டும். உரையிலேயே விட்டுவிட்டால், பக்கங்களைச் சேர்த்து நூலாக்கும்போது ஒரு வாக்கியத்தின் நடுவே ‘47’ என்று வந்து நிற்கும். வரி முடிவில் உடைந்த சொல்லை இணைப்புக்குறியை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். பத்திக்கு அடையாளம் ஒரு வெற்று வரி. எழுத்துணரி தேவையில்லாத இடத்தில் அதைப் போட்டிருந்தால் நீக்குங்கள்.

நூலாசிரியரின் நடையையோ சந்தியையோ திருத்தக் கூடாது. அச்சில் ஒற்று இல்லையென்றால் இல்லைதான். இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொரு விபத்து: ஏற்கெனவே திருத்திய பக்கத்தில் எழுத்துணரிப் பொத்தானை அழுத்தினால் உரை முழுவதும் போய்ப் பிழை மலிந்த புது உரை வந்து உட்காரும். அந்த நிலையில் சேமிக்காமல் வெளியேறுங்கள். சேமித்திருந்தாலும் பக்க வரலாற்றில் பழையது பத்திரமாக இருக்கும், மீட்டுவிடலாம்.

தொடக்கத்தில் இளஞ்சிவப்புப் பக்கம் வேண்டாம். 1980-க்குப் பின் அச்சான, உரைநடையில் அமைந்த, 100 பக்கத்துக்குள் அடங்கும் நூலாகப் பார்த்து அதன் மஞ்சள் பக்கங்களைச் சரிபாருங்கள். வடிவமைப்பை முன்னவர் முடித்திருப்பார். மேலடி எப்படி, பாட்டு எப்படி என்று அவர் போட்ட குறியீட்டைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். பாதியில் எழ வேண்டி வந்தால் நிறத்தை மாற்றாமல் சேமித்துவிட்டுப் போகலாம். மஞ்சள் பக்கமும் அப்படியே மஞ்சளாகக் காத்திருக்கும். காலக்கெடு என்பதே இல்லை.

கைப்பேசியில் முயல வேண்டாம். படத்தையும் உரையையும் அருகருகே வைக்க அதில் இடம் போதாது. கொஞ்சம் பெரிய திரை இருந்தால் கழுத்துக்கும் கண்ணுக்கும் நல்லது. படத்தைப் பெரிதாக்கும் வசதி தொகுப்புப் பெட்டியின் மேலேயே உண்டு. தமிழ்த் தட்டச்சு தெரியாவிட்டாலும் பிரச்சினை இல்லை. தளத்திலேயே தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் இருக்கின்றன. கன்ட்ரோல் விசையோடு எம் அழுத்தினால் மொழி மாறும்.

குறைகளும் உண்டு. உதவிப் பக்கங்கள் சிதறிக் கிடக்கின்றன, வடிவமைப்புக்கு இடும் ஆயத்தக் குறியீடுகளான வார்ப்புருக்களின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கங்கள். கேள்வி கேட்டால் தன்னார்வலர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உடனே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மஞ்சளாக்கிய பக்கம் பச்சையாக நெடுநாள் ஆகலாம், அதில் மனம் சோர்பவர்கள் துணைக்கு ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் மஞ்சள், மற்றவர் பச்சை என்று பிரித்துக்கொள்வது உத்தமம். கட்டம் கட்டமாக எண்கள் நிறைந்த கணக்கு நூல்களையும் சமன்பாடுகள் கொண்ட அறிவியல் நூல்களையும் அனுபவம் வரும்வரை தொடவே வேண்டாம். அங்கே எழுத்துத் திருத்துவதை விடக் குறியீட்டோடு மல்லுக்கட்டுவதுதான் அதிகம்.