ட்ராக்பால் வச்ச எஃப்.பி.எஸ் ஆர்கேட் பேனல்: யாருக்கு செட் ஆகும், யாருக்கு ஆகாது

முதல்லயே சொல்லிடறேன், கவுன்டர் ஸ்ட்ரைக்ல ரேங்க் ஏத்தணும்னு இருக்கறவங்க இதுல காசு போட வேணாம், அதுக்கு ஒரு நல்ல மவுஸ் போதும். டூம், க்வேக் மாதிரி பழைய எஃப்.பி.எஸ் (ஆளோட கண்ணு வழியா பாத்து சுடற கேம்) எல்லாம் ஆர்கேட் கேபினெட் (கடைல காசு போட்டு ஆடற பெரிய மெஷின்) முன்னாடி நின்னுகிட்டு ஆடற ஃபீல்ல ஆடணும்னு ஆசை இருந்தா மட்டும் மேல படிங்க.

இது நம்ம ஆர்டருக்கு செஞ்சு தர்ற கஸ்டம் பேனல், அதாவது ஆர்கேட் மெஷின்ல இருக்கற மாதிரி ஸ்டிக்கும் பட்டனும் வச்ச பெட்டி. லேஅவுட்டை நாமளே வரைஞ்சு அனுப்பலாம், இல்லைன்னா செய்யறவங்க வச்சிருக்கற எஃப்.பி.எஸ் லேஅவுட்டையே எடுத்துக்கலாம், நான் எடுத்தது ரெண்டாவது. இடது பக்கம் 8 வே ஜாய்ஸ்டிக், வலது பக்கம் 3 இன்ச் ட்ராக்பால் (மவுஸுக்கு பதிலா கையால உருட்டற பந்து), அதை சுத்தி பட்டன். உள்ள ஐ-பேக் என்கோடர் போர்டு. கம்ப்யூட்டர்ல சொருகினா கீபோர்டு, மவுஸ்னே நெனச்சுக்கும், ட்ரைவர் தொல்லை கிடையாது. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் போறதால சாதா கீபோர்டுல நாலஞ்சு கீ சேத்து அமுக்குனா ஒண்ணு விட்டுப் போகுமே, அது இதுல இல்ல.

ஒரு கை நடக்க, இன்னொரு கை குறி பாக்க, இந்த ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல. 1982ல வந்த ட்ரான் ஆர்கேட்லயே ட்ரிக்கர் வச்ச ஸ்டிக் ஒரு கைக்கு, சுத்தற ஸ்பின்னர் இன்னொரு கைக்குன்னு பிரிச்சு வச்சிருந்தாங்க. அதுல ட்ரிக்கர் ஸ்டிக்லயே இருந்துச்சு பாருங்க, அந்த பாயின்ட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, அதுக்கு கீழ வரேன்.

ட்ராக்பால் சூப்பர், இதுல பேச்சே இல்ல. கனமான பால், உள்ளங்கையால ஒரு தள்ளு தள்ளினா தானா உருண்டு ஆளு சட்டுனு பின்னாடி திரும்பிடுவான், மவுஸ்ல இதுக்கு ரெண்டு தடவ தூக்கி வைக்கணும். ஆனா அந்த உருளற வேகமே நுணுக்கமா குறி பாக்கறப்போ எதிரி ஆயிடுது, பாலை நிறுத்தறதுக்கு மேல விரலை வச்சு அமுக்கணும், தூரத்துல நிக்கறவன் தலைய குறி வைக்கறதெல்லாம் பொறுமை இருக்கறவங்களுக்குத்தான். விண்டோஸ்ல பாயின்டர் ஆக்ஸிலரேஷனை (வேகமா உருட்டினா பாயின்டரை இன்னும் கூட தூரம் தள்ளற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு ஆடுங்க, இல்லைன்னா இன்னும் மோசம்.

இப்ப ஃபயர் பட்டன். இவங்க அதை ட்ராக்பாலுக்கு மேல, ஆள்காட்டி விரலுக்கு நேரா வச்சிருக்காங்க. பாக்க அழகு, ஆடறப்போ கொடுமை. பாலை உருட்டறதே அந்த விரல்தான், அதை எடுத்து பட்டனை அமுக்குற நேரத்துல பால் கொஞ்சம் நகந்துடுது, குறி போச்சு. பாலுக்கு இடது பக்கம் கட்டைவிரல் விழற இடத்துல ஒரு சின்ன 24 எம்.எம் பட்டன் சும்மா மெனுவுக்குன்னு வச்சிருந்தாங்க, சாஃப்ட்வேர்ல அதை லெஃப்ட் க்ளிக்கா மாத்தினதுக்கு அப்புறம்தான் இது ஆடற பொருளாவே ஆச்சு. டிசைன் பண்ணவரு இதை வச்சு ஒரு ரவுண்டாவது ஆடிப் பாத்தாரான்னு எனக்கு டவுட்டுதான். நியாயமா ட்ரிக்கர் இருக்க வேண்டியது இடது கை ஸ்டிக்ல, அந்த கை நடக்கறத தவிர வேற ஒண்ணும் பண்ணாம சும்மாதானே புடிச்சுட்டு இருக்கு.

ஸ்டிக் பத்தி. உள்ள மைக்ரோஸ்விட்ச், அதனால ஒண்ணு ஓடுவான் இல்ல நிப்பான், மெதுவா நடக்க தனி பட்டன் வேணும். ஸ்கொயர் கேட், அதாவது ஸ்டிக் நகர்ற எல்லைக்கு சதுரமான தடுப்பு, போட்டிருக்கறதால மூலைக்கு தள்ளினா டயகனல் கரெக்டா விழுது, க்வேக்ல எதிரிய சுத்திகிட்டே சுடறதுக்கு அருமை. ஆனா இடமிருந்து வலம் சடார்னு மாறணும்னா ஸ்டிக் நடு சென்டரை தாண்டி அந்தப் பக்கம் போய் சேரணும், கீபோர்டுல ஒரு விரலை எடுக்கறப்பவே இன்னொரு விரல் அமுக்கி முடிச்சிருக்கும். இந்த கொஞ்சூண்டு லேட்டுதான் இன்னிக்கு இருக்கற போட்டி கேம்ஸ்ல ஆளைக் காலி பண்ணும். ஸ்டிக்குக்கு பதிலா நாலு பட்டன் வச்சு தரச் சொல்லியும் ஆர்டர் பண்ணலாமாம், வேகம் முக்கியம்னா அதை கேளுங்க, எனக்கு ஸ்டிக் இல்லாம ஆர்கேட்டே இல்ல.

பழைய டாஸ் டூம் இதுல வேற லெவல். ஐ-பேக் ஃபேக்டரி செட்டிங் மேம் எமுலேட்டருக்காக (பழைய ஆர்கேட் கேமை கம்ப்யூட்டர்ல ஓட்டற சாஃப்ட்வேர்) போட்டது, ஸ்டிக்குக்கு ஆரோ கீ, பட்டனுக்கு கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ், ஷிஃப்ட். 1993 டூமோட டிஃபால்ட் கீயும் அச்சு அசல் இதேதான், சுட கன்ட்ரோல், கதவு திறக்க ஸ்பேஸ், ஓட ஷிஃப்ட். சொருகின உடனே ஒண்ணும் மாத்தாம ஆடலாம்! ஒரே சிக்கல், அந்த டூம்ல மேல கீழ பாக்கறது கிடையாது, மவுஸை முன்னாடி தள்ளினா ஆளு முன்னாடி நடப்பான். அதனால பாலை லேசா மேல உருட்டினாலே போய் ஆசிட்ல விழுந்துடறான். சாக்லேட் டூம்ல (பழைய டூமை இன்னிக்கு இருக்கற கம்ப்யூட்டர்ல அப்படியே ஓட்டற ப்ரோக்ராம்) இதை ஆஃப் பண்ண ஆப்ஷன் இருக்கு, மொத வேலையா அதை பண்ணிடுங்க.

துப்பாக்கி மாத்த வீல் கிடையாது, ரெண்டு பட்டன்ல முன்ன பின்ன போகணும். க்வேக்ல ராக்கெட் லாஞ்சரோட 7 நம்பரை ஒரு பட்டனுக்கு நேரா கொடுத்துட்டேன், மத்ததெல்லாம் எவன் தேடறான்.

பெட்டி கனமா, அடியில ரப்பர் வச்சு, எவ்ளோ ஆட்டினாலும் நகராம இருக்கு. உள்ள வயரிங்தான் சுமார். எல்லா பட்டனோட கிரவுண்டும் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு சங்கிலியா போகுது, நடுவுல ஒரு டெர்மினல் லூசாகி கழண்டதுல அதுக்கு அடுத்து இருந்த பட்டன் அத்தனையும் செத்துப் போச்சு. மூடியத் திறந்து திரும்ப சொருகினா சரி, ஆனா காசு வாங்கிட்டு செய்யறவங்க அதை டைட்டா க்ரிம்ப் பண்ணி (வயர் முனைய நசுக்கி இறுக்கி) அனுப்பிருக்கலாம். மெயில் போட்டேன், வயரிங் படம் மட்டும் அனுப்பினாங்க, ஸாரி கூட இல்ல.

ஆர்டர் போடறதா இருந்தா ரெடி லேஅவுட்டை எடுக்காதீங்க. ட்ரிக்கர் ஸ்டிக் கேளுங்க, கட்டைவிரல் பட்டன் கேளுங்க, பாலுக்கு முன்னாடி மணிக்கட்டு வைக்க இன்னும் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்க, இப்ப இருக்கறதுல பெட்டி விளிம்பு கையில குத்துது. இப்ப இருக்கற மாதிரிக்கு அஞ்சுக்கு மூணு ஸ்டார், அந்த மூணும் ட்ராக்பாலுக்கு.