நியூட்ரான் கற்றை: உலையா, முடுக்கியா?

நெல்லைப் பக்கம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள்: "சார், கூடங்குளம் பக்கத்துலதானே இருக்கு, அங்கேயே நியூட்ரான் எடுத்து ஆராய்ச்சி பண்ணலாமே?" நியாயமான கேள்விதான், பொருளுக்குள் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க நியூட்ரான் கற்றை உதவும். ஆனால் கூடங்குளம் மின்சாரத்துக்கான உலை. உயர் அழுத்த நீரோடு தடித்த எஃகுக் கலத்துக்குள் எல்லாம் அடைபட்டிருக்கும், கற்றை வெளியே வர வழி கிடையாது.

ஆய்வு உலையில் அந்த வழியை முதலிலேயே வைத்துக் கட்டுகிறார்கள். மும்பை டிராம்பேயின் துருவா 100 மெகாவாட் உலை, 1985இல் இயங்கத் தொடங்கியது. கல்பாக்கத்தின் காமினி வெறும் 30 கிலோவாட். பொருளின் உட்புறத்தைப் படம் எடுக்க அதுவே போதும்.

உலைக்குப் போட்டி ஸ்பாலேஷன். புரோட்டான்களை முடுக்கி, கனமான உலோகத்தில் மோதவிட்டு நியூட்ரான்களைச் சிதறடிப்பது. பிரிட்டனின் ஐசிஸ் என்ற ஸ்பாலேஷன் நிலையத்தில் புரோட்டானின் ஆற்றல் 800 மெகா எலக்ட்ரான்வோல்ட், இலக்கு டங்ஸ்டன், முடுக்கியிலிருந்து நொடிக்கு 50 துடிப்புகள்.

உலைக் கற்றை, திறந்துவிட்டபின் தண்ணீர் இடைவிடாமல் ஓடும் நெல்லையின் கொடகன் கால்வாய் மாதிரி. ஸ்பாலேஷன் மடையைச் சட்டெனத் திறந்து மூடுவது. இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உலையில் பெரும்பாலும் ஒரு படிகத்தை வைத்து ஒரே அலைநீளத்தைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். துடிப்பு முறையில் எல்லா வேகமும் பயன்படும்: புறப்பட்ட நேரம் தெரியும், வந்து சேர்ந்த நேரத்தை அளந்தால் வேகமும், அதிலிருந்து நியூட்ரானின் அலைநீளமும் கிடைத்துவிடும். ஆனால் சராசரி ஓட்டத்தில், அதாவது ஒரு பரப்பை நொடிக்குச் சராசரியாகக் கடக்கும் நியூட்ரான் எண்ணிக்கையில், உலை இன்னும் பலமானது. பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வு உலை அதற்குச் சாட்சி.

வழிநடத்துவதில் இரண்டுக்கும் ஒரே சிக்கல். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, எலக்ட்ரானை வளைப்பதுபோல் மின்புலத்தால் வளைக்க முடியாது. அதனால் உள்சுவரில் நிக்கல் பூசிய கண்ணாடிக் குழாய்க்குள் விடுகிறார்கள். சுவரை ஒட்டிச் சாய்வாக வரும் மெதுவான நியூட்ரான் முழுமையாக எதிரொளித்துக் குழாய்க்குள்ளேயே முன்னே போகும். நிக்கலும் டைட்டானியமும் மாறிமாறிப் பூசினால் இன்னும் அதிகச் சாய்வில் வருவதும் எதிரொளிக்கும். குழாயை லேசாக வளைத்துவிட்டால் காமா கதிரும் வேக நியூட்ரானும் நேரே சுவரில் போய் அடங்கிவிடும். எனக்கு இதில் மிகப் பிடித்த உத்தி இதுதான்.

சரி, இங்கே பேட்டரிக்கோ காந்தத்துக்கோ புதுப் பொருள் செய்யும் மாணவர் எங்கே போவது? லித்தியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, காந்த அமைப்பு என்ன என்பதற்கு துருவாவே போதும். பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அங்கே இடம் தருகிறார்கள், சில கிராம் பொடி கொண்டுபோனால் சரி. ஒரே அளவீட்டில் அகலமான அலைநீள வீச்சு வேண்டுமானால் மட்டும் ஐசிஸ் மாதிரி ஸ்பாலேஷன் நிலையத்துக்கு விண்ணப்பியுங்கள்.