நின்று விளையாடும் மாடு மாதிரி ஒரு மார்கிட்

'எல்டன் ரிங்' வீடியோ கேம் வந்தது 2022 பிப்ரவரியில். நான் வாங்கியது போன தீபாவளித் தள்ளுபடியில்தான். செல்லூர் மாடி அறை, பழைய பிளேஸ்டேஷன் 4, தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன். இதுவரை 70 மணி நேரம் ஆடியாச்சு.

ஈஸி, நார்மல், ஹார்ட் என்று தேர்ந்தெடுக்க இதில் எதுவும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அடி. வழி மறிக்கும் முதல் பெரிய எதிரி, அதாவது பாஸ், மார்கிட்டிடம் மட்டும் 31 முறை செத்தேன். தடியை ஓங்குவான், நாம் பதறி உருளுவோம், அவன் ஓங்கியபடியே நிற்பான். நாம் எழும் நேரம் பார்த்து இறக்குவான். அலங்காநல்லூரில் நின்று விளையாடும் மாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முந்திக்கொண்டு பாய்ந்தவனுக்குத்தான் குத்து. இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

இது போல ஒரு பாத்திரமாக ஆடி அதை வளர்க்கும் வேறு சில கேம்களில் (ஆர்பிஜி) ஹார்ட் என்றால் எதிரியின் உயிர் அளவைக் கூட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். அதே ரெண்டு அடியை அரை மணி நேரம் அடிக்க வேண்டும். அதற்கு மாவாட்டலாம்.

இங்கே முட்டிக்கொண்டால் வேறு பக்கம் சுற்றலாம். நான் தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போய் லெவல் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆவிகளைத் துணைக்கு அழைக்க மணி ஒன்று உண்டு. 'அது ஏமாத்து மாப்ள' என்பான் நண்பன். கேமே கொடுத்திருக்கு, அப்புறம் என்ன?

செத்தால் ரூன்கள் (லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் சேர்க்கும் காசு மாதிரி) விழுந்த இடத்தில் கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் போச்சு. நடுவில் நிறுத்தி வைக்க பட்டனும் இல்லை. "தண்ணி லாரி வந்துருச்சு, குடத்தை எடுத்துட்டு வாடா" என்று அம்மா கூப்பிட்ட ஒரு சாயங்காலம் 12,000 ரூன் போனது.